ராயப்பர் பெயரால் ஓர் ஊர்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. பூசை உடுப்புகளைக் களைந்துவிட்டு வெளியே வந்தபோது, பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். “சாமி, மகனுக்கு மெட்ராசுல வேலை கிடைச்சிருக்கு. ராயபுரத்துல அறை பார்த்திருக்கானாம். வடக்கு மெட்ராசுன்னு சொன்னாலே எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. அங்க பிள்ளையைக் குடி வைக்கலாமா?” என்றார். “தாராளமாக வைக்கலாம், அம்மா. அது நம்முடைய ராயப்பர் ஊர்தான்” என்று சொல்லி அனுப்பினேன். வாசலில் நின்று சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஆனால் முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் மிகுதியாக இருக்கிறது. ஆகவே இம்மாதப் பக்கத்தை அவ்வூருக்கே ஒதுக்குகிறேன்.

ராயப்பர் யார் என்று நம் பாட்டிமாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேதுரு, பவுல், யோவான் என்று இன்றைய விவிலியத்தில் வாசித்து வளர்ந்த இளைஞர்களுக்குத்தான் ராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்னும் பெயர்கள் அந்நியமாக ஒலிக்கும். முந்திய தலைமுறையின் செபப் புத்தகங்களில் திருத்தூதர்களின் தலைவர் ராயப்பர்தான். அவருடைய பெயரால் அமைந்த புரமே ராயபுரம் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கலிலேயக் கடலில் படகு வலித்து வலை வீசிய அந்த மனிதரைத் தங்களுக்குக் காவலராக வரித்துக்கொண்டவர்களும் படகு வலித்தவர்களே. ஆகையால் பெயர்ப் பொருத்தத்தில் குறையில்லை.

அவர்கள் எத்தகைய படகு வலித்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் நம் கடலையும் அவர்கள் கடலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கரை பாக் நீரிணையைச் சார்ந்தது. மணமேற்குடியிலோ, கோட்டைப்பட்டினத்திலோ, செகதாப்பட்டினத்திலோ கடலோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே கடல் பெரும்பாலும் ஏரியைப் போலக் கிடக்கும். இலங்கைத் தீவு கிழக்கே தடுப்புச் சுவராக நிற்பதாலும், நீர் ஆழமற்றதாய் இருப்பதாலும், பேரலைகள் அங்கே எழுவது அரிது. சென்னைக் கரைக்கு அப்படியொரு மறைப்பு இல்லை. வங்கக் கடல் நேராக வந்து மோதுகிறது. கரைக்கு முன்னே வரிசை வரிசையாக அலைகள் உருண்டு உடைகின்றன. 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனியார் அந்த மணல் வெளியைக் கேட்டு வாங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்களே, அதுவும் ஒரு வேடிக்கைதான். துறைமுகம் இல்லை, ஆற்று முகமும் கப்பல் நுழையத்தக்கதன்று. ஆயினும் வாணிகத்துக்காக அங்கே ஒரு நகரத்தையே எழுப்பினார்கள்.

கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் வெகுதூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னராயினும் சரி, காசுப் பெட்டியாயினும் சரி, குதிரையாயினும் சரி, அங்கிருந்து கரை சேர ஒரே வழிதான் இருந்தது. அது மசூலாப் படகு. அதில் ஆணி கிடையாது. மரப் பலகைகளைக் கயிற்று நாரினால் தைத்து, இடையில் வைக்கோல் போன்றவற்றை அடைத்து உருவாக்குவார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் தூக்கி எறியப்பட்டு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ நெளிந்து கொடுக்கும். வளைந்து கொடுப்பது எப்போது வலிமை என்பதை அந்தத் தச்சர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிக்க, பின்புறம் நின்றவர் நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார். அலை எழும் நேரம் பார்த்துக் காத்திருந்து, அதன் முதுகில் ஏறி, அடுத்தது வருமுன் பாய்ந்து கரையைத் தொட வேண்டும். கணக்குத் தவறினால் படகு கவிழும். அதற்காகக் கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், நீரில் விழுந்தவர்களைத் தூக்கிக் கரை சேர்க்க. கடல் கொதித்து மசூலாவும் போக முடியாத நாளில், கட்டுமரத்தில் தனி ஆளாகச் சென்று கப்பலுக்குக் கடிதம் கொடுத்துத் திரும்பியவர்களும் அவர்களே. கடிதம் நனையாமலிருக்கத் தலையில் அணிந்த தொப்பிக்குள் வைத்துச் செல்வார்களாம். ‘கட்டுமரம்’ என்ற நம் சொல் உலக மொழிகளில் ஏறியது சும்மா அன்று.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சென்னைப் பட்டணத்துக்குள் வந்த ஒவ்வொரு பொருளும், அதிலிருந்து போன ஒவ்வொரு துணிப் பொதியும் இவர்களுடைய தோள்வலியால் அலையைத் தாண்டியது. நகரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் கவர்னர்களின் பெயர்களை வரிசைப்படுத்தினார்கள். படகு வலித்தவர்களோ கூலித் தகராறு நடந்த இடங்களில் மட்டும் தலைகாட்டுகிறார்கள். இது எழுதியவர்களுடைய குறை.

கோட்டைக்கு அருகே குப்பங்களில் வாழ்ந்த இப்படகோட்டிகள், 18ஆம் நூற்றாண்டின் முடிவில் வடக்கே இப்போதைய ராயபுரம் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். நகரம் வளரும்போது உழைப்பாளியின் குடிசை சற்றுத் தள்ளி நகர்த்தப்படுவது எக்காலத்திலும் நடப்பதுதான். அவர்களுள் கத்தோலிக்கரான ஒரு பெருங்கூட்டத்தார் தம்மைக் குருகுல வம்சத்தார் என்று அழைத்துக்கொண்டனர். 1820களில் அவர்கள் எழுப்பியதே புனித ராயப்பர் ஆலயம். அரசாங்கம் கட்டிக் கொடுத்ததன்று. அயல்நாட்டு மிஷன் பணத்தில் எழுந்ததுமன்று. அலையோடு மல்லுக்கட்டி ஈட்டிய கூலியில் கட்டியது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மில் சிலர் எந்தப் பழைய கோவிலைப் பார்த்தாலும் “எந்த வெள்ளைக்காரச் சாமி கட்டினார்?” என்றே முதலில் கேட்கிறோம். சாமியார்கள் வருவார்கள், மாறுவார்கள். ராயபுரத்தில் கட்டியவர்கள் மக்கள்.

சென்னையில் கத்தோலிக்கத் திருப்பணியும் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1642இல் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியான எப்ரேம் தெ நெவேர் அங்கே தங்கி ஊழியம் செய்யத் தொடங்கினார். கோட்டைக்குள் எழுந்த கப்புச்சின்களின் ஆலயம், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேய-பிரெஞ்சுப் போர்களின் பகைமையில் இடிக்கப்பட்டது. கத்தோலிக்கர் என்றாலே பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்வார்கள் என்று கம்பெனியார் ஐயுற்ற காலம் அது. அதே கம்பெனியின் சரக்கை, தினமும் உயிரைப் பணயம் வைத்து இறக்கித் தந்தவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு மாதா கோவில் தெரு என்று பெயர். ஆலயம் ராயப்பருடையதாயிருக்கத் தெரு ஏன் மாதாவுடையது என்று சிலர் கேட்கலாம். கத்தோலிக்கர் கோவில் எதுவாயினும் அதை ‘மாதா கோவில்’ என்பது தமிழகத்துப் பிற சமயச் சகோதரரின் பழக்கம் அல்லவா? நம் மாவட்டத்திலும் அந்தோணியார் கோவிலைக் கூட மாதா கோவில் என்று பேருந்து நடத்துநர் கூவக் கேட்டிருக்கிறோம். தாயின் பெயரால் அழைக்கப்படுவதில் அந்தோணியாருக்கும் மனக்குறை இராது.

அதே மேற்கு மாதா கோவில் தெருவில்தான் பார்சி மக்களின் நெருப்புக் கோவில் நிற்கிறது. தமிழகத்தில் அவர்களுக்கென இருக்கும் ஒரே கோவில் அது. 1795 வாக்கில் சென்னைக்கு வந்த பார்சி வணிகர்கள் ராயபுரத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். கோவில் எழுந்தது 1910இல். பிரோஸ் கிளப்வாலா என்ற செல்வர், இளவயதில் இறந்த தம் மகன் ஜாலின் நினைவாக அதைக் கட்டினார். அன்று ஏற்றிய நெருப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. பார்சிகள் அல்லாதார் உள்ளே செல்வதில்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் துயரம் நூறாண்டுக்கு மேலாக அத்தெருவில் சுடராக எரிந்துகொண்டிருக்கிறது.

இனி மேற்கே சற்றுத் திரும்புவோம். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். அதன் பின் ஐதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாயில் வரை வந்து கம்பெனியாரை நடுங்க வைத்தது. இவற்றுக்குப் பிறகே அவர்கள் விழித்துக்கொண்டு, தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். பால் பென்பீல்டு என்ற ஒப்பந்தக்காரர் அதைக் கட்டினார். செலவை ஈடுகட்ட மக்களிடம் மதில் வரி வாங்கலாம் என்று திட்டமிட்டார்கள். வரி வசூலாகவே இல்லை. வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையாக இன்றும் நிற்கிறது. கட்டாத வரியின் பெயரால் ஒரு சாலை வேறெங்காவது உண்டோ, அறியேன். மதிலும் பின்னர் இடிக்கப்பட்டது. எஞ்சிய ஒரு துண்டின் மேல்தான் ராயபுரத்தை ஒட்டிய மாடிப் பூங்கா அமைந்திருக்கிறது. அவ்வழியே செல்பவர்கள் மேலே ஏறிப் பார்க்கலாம். பீரங்கிக்காகக் கட்டிய திண்ணைச் சுவரில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மதிலுக்கு வெளியே நின்றது கஞ்சித் தொட்டி. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பில் கிராமங்கள் பாழாகி, 1782இல் கொடும் பஞ்சம் வந்தது. பசித்துக் கூட்டங்கூட்டமாக வந்தவர்களுக்கு அங்கே கஞ்சி ஊற்றினார்கள். மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் என வழங்கிற்று. ஆங்கிலேயர் வாயில் அது ‘மணேகர்’ ஆயிற்று. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்ததால், கஞ்சி ஊற்றிய இடத்தருகே மருத்துவமும் வளர்ந்தது. அதன் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதற்கு ஜார்ஜ் ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் இடப்பட்டது; 1938இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. ஆனால் வடசென்னையின் முதியவர்கள் இன்றும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்வதைக் கேட்கலாம். கவர்னர் பெயரைவிடக் கஞ்சியின் பெயர் நீடித்திருப்பது நியாயந்தான். சற்று வடக்கே, 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் மெட்டில்டா மக்பெயில் அம்மையாரின் உழைப்பால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென வளர்ந்த ரெய்னி மருத்துவமனையும் உண்டு. ஆண் மருத்துவரிடம் போக மறுத்து வீட்டிலேயே பிரசவத்தில் மாண்ட பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், அவ்வம்மையாரின் அருமை புரியும்.

இப்படி நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. கோட்டை நகரம், தன் கண்முன் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களையெல்லாம் வடக்கே அனுப்பிற்று. படகோட்டி, பஞ்சத்தில் அடிபட்டவன், நோயாளி ஆகிய எல்லாரும் அங்கே போனார்கள். ராயபுரம் அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு முறை நகரத்தின் தலைவாசலாகும் பெருமையும் அதற்குக் கிடைத்தது. 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தென்னாட்டின் முதல் ரயில் நிலையம் எங்கே என்றால், அது ராயபுரம். வணிகர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிக்கும் சரக்கு இறங்கும் கடற்கரைக்கும் அது பக்கமாயிருந்தது. 1856 சூன் 28ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். சூலை 1ஆம் நாள் ஆற்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. சூன் 29 புனித ராயப்பர், சின்னப்பர் திருநாள். ஆகவே திறப்பு விழா நாளில் அவ்வூரின் மாதா கோவிலில் திருநாளுக்கு முந்திய ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கவர்னர் அதை அறிந்து நாள் குறித்தார் என்று நான் சொல்ல வரவில்லை!

பம்பாயிலும் தாணாவிலும் முதலில் கட்டிய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகையால் இந்தியாவில் நின்று நிலைக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரத்தினுடையதே. உயர்ந்த தூண்கள் தாங்கும் முகப்போடு, ஒரு மாளிகையைப் போல அது இன்னும் நிற்கிறது. ஆனால் 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்த பின் ராயபுரத்தின் மவுசு குறைந்தது. பெரிய ரயில்கள் அங்கே போயின. இங்கே சரக்கு வண்டிகளும் உள்ளூர் வண்டிகளுமே மிஞ்சின. கட்டடம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2005இல் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்தால் மட்டும் போதாது. தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். யாரும் புழங்காத வீடு எவ்வளவு வெள்ளையடித்தாலும் பாழடையத்தான் செய்யும் என்பதை நம் செட்டிநாட்டு எல்லையில் வாழும் நாம் நன்கறிவோம்.

ராபின்சன் பூங்காவையும் சொல்லாமல் விடலாகாது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்ததை அறிஞர் அண்ணா பொதுக்கூட்டத்தில் அறிவித்த இடம் அது. அரசியல் இப்பக்கத்துக்கு உரியதன்று. எனினும் அங்கு நடந்தது தமிழ்நாட்டின் பிற்கால வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சி என்பதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்கமாட்டார்.

நிற்க. இதுவரை சொன்னவை கல்லும் சுண்ணாம்பும். முகம் சுளிக்கிறவர்கள் அறியாத செய்தி மணலைப் பற்றியது.

அலையில் சரக்குக் கெடுவதும் உயிர் போவதும் கண்டு, வணிகர்கள் துறைமுகம் வேண்டும் என்று நெடுநாள் முறையிட்டார்கள். முதலில் 1861இல் கடலுக்குள் ஏறக்குறைய ஆயிரம் அடி நீண்ட இரும்புப் பாலம் அமைத்தார்கள். புயலும் கப்பல் மோதலும் அதைப் பதம் பார்த்தன. பின்பு 1875 டிசம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்த ஏழாம் எட்வர்டு வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி, கடலுக்குள் இரு கைகளை நீட்டியதுபோல் கற்சுவர்கள் எழுந்தன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாயில் அலைக்கும் மணலுக்கும் ஏதுவாயிருந்ததால், பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரின் காலத்தில் அதை அடைத்து, வடகிழக்கே புதுவாயில் திறந்து, 1911இல் முடித்தார்கள். அன்றோடு மசூலாப் படகின் காலம் முடிந்தது. கப்பல் நேரே வந்து கரையணைந்தபின் அலையைத் தாண்டும் வித்தை யாருக்கு வேண்டும்? இருநூறு ஆண்டுக் கலை, ஒரு தலைமுறைக்குள் வேலையற்றதாயிற்று. படகோட்டிகளின் பிள்ளைகள் சுமைகூலிக்கும் மீன்பிடிக்கும் போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால், ‘காலம் மாறிற்று’ என்று விட்டுவிடலாம். ஆனால் கடல் வேறொரு கணக்கையும் வைத்திருந்தது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, அலையோடு நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கியும் அது நகரும். முன்னது நீண்ட காலம் ஆதலால், ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பல லட்சம் கனமீட்டர் மணல் வடக்கே போய்ச் சேரும். ஒரு கரைக்குத் தெற்கிலிருந்து வந்து சேரும் மணலும், வடக்கே போகும் மணலும் சமமாயிருக்கும் வரை அக்கரை நிலைத்திருக்கும். வரவும் செலவும் சரியாயிருக்கும் குடும்பம்போல. துறைமுகத்தின் தென்சுவர் இந்த வரவை மறித்துவிட்டது. மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிற்று. அப்படித் தேங்கிய மணல்தான், நண்பர்களே, இன்று நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினா!

பலரும் மெரினாவைக் கடவுள் படைத்தபடியே கிடக்கிறது என்று எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்கு வெகு அருகில் அலை அடித்தது. கோட்டையின் கடல் வாசலை இன்று பார்த்தால், கடல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கிராண்ட் டப் என்ற கவர்னர் கடலோரச் சாலை அமைத்து, மெரினா என்று பெயரிட்டது 1884இல். அப்போது துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் பின் ஆண்டுதோறும் மணல் சேர்ந்து சேர்ந்து, கடற்கரை இன்று சராசரி 300 மீட்டர் அகலம் கொண்டதாயிற்று.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். வரவு நின்றது; அலையோ தன் செலவை நிறுத்தவில்லை. ராயபுரத்திலும் அதற்கு வடக்கேயும் கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கிற்று. நூற்றாண்டுக் காலத்தில் பல நூறு மீட்டர் கரை கடலுக்குள் போயிற்று. வலை உலர்த்திய மணல்வெளி, படகு இழுத்து நிறுத்திய இடம், குடிசைகள், தெருக்கள் எல்லாம் போயின. தடுப்பதற்குக் கருங்கற்களைக் கொட்டினார்கள். இன்று ராயபுரம் தொட்டுத் திருவொற்றியூர் வரை கரையோரமாய்ச் சென்றால், மணலைவிடக் கருங்கல்லே கண்ணில் படுகிறது. அக்கற்களின்மேல் மக்கள் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். அவர்களுடைய கடற்கரை, தெற்கே நம்முடைய காலடியில் கிடக்கிறது.

இதற்காக மெரினாவுக்குப் போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மணலில் நின்றுகொண்டு, “வடசென்னை அழுக்கு, நெரிசல், அங்கே கடற்கரை கூட இல்லை” என்று பேசுவது எவ்வளவு தகாதது! துறைமுகம் வேண்டாம் என்பதும் என் வாதமன்று. அரிசியும் எண்ணெயும் எந்திரமும் அதன் வழியே நாட்டுக்கு வந்தன. நாம் எல்லோரும் உண்டோம். ஊரெல்லாம் பயன்பெறும் ஒன்றுக்கு ஒரு சேரி மட்டும் விலை கொடுத்தது என்பதைத்தான் சொல்கிறேன். அவ்விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஏனெனில் இழந்தவனுக்கே தான் எதனால் இழந்தான் என்பது நெடுநாள் தெரியவில்லை. “கடலம்மா கோபம்” என்று எண்ணிக்கொண்டான்.

இன்று தெரிகிறது. தெரிந்தும் அதே கதை வேறிடங்களில் நடக்கிறது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், நகரத்தின் மணற்கரை மறைந்து கற்குவியல் ஆனது. அங்கே மணலைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் பின்னர் நடந்தன. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 2001இல் ஒரு துறைமுகமும், அதையடுத்துக் காட்டுப்பள்ளியில் இன்னொன்றும் வந்தன. திருவொற்றியூர்ப் பக்கம் கரையைக் காக்கத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். போட்ட இடத்தில் மணல் தங்கிற்று. அதற்கும் வடக்கேயுள்ள ஊர் அரிப்பை வாங்கிக்கொண்டது. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகப் பணியால் தங்கள் கரையும் வீடுகளும் போகின்றன என்று மீனவர் முறையிட்டனர். 2022இல் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டக் குருக்கள் அவர்களோடு சேர்ந்து நான்கு மாதங்களுக்கு மேல் போராடினர். அரிப்புக்குத் துறைமுகமே காரணம் என்பதை அதை நடத்துவோர் மறுத்தனர். வாதம் இரு பக்கமும் உண்டு. ஆனால் ராயபுரத்தில் 140 ஆண்டுகளுக்கு முன்பு கேட்க ஆளில்லாத கேள்வியை, விழிஞ்ஞத்தில் சுவர் எழும்போதே எழுந்து நின்று கேட்டார்கள். அந்த வேறுபாட்டை நான் சிறியதாக எண்ணவில்லை.

இதை வாசிக்கும் நம் கடற்கரைப் பங்குகளின் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இறங்குதளமும் தூண்டில் வளைவும் கேட்டு மனுக் கொடுக்கும் காலம் இது. கேட்க வேண்டியதுதான்; படகுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும். நம் கடல் சாதுவானது, சென்னைக் கடலின் வேகம் அதற்கில்லை. ஆதலால் அங்கு நடந்தது அப்படியே இங்கும் நடக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மனுவில் கையெழுத்திடுமுன், “எங்கள் ஊரில் கல் விழுந்தால் பக்கத்து ஊர் மணல் என்ன ஆகும்?” என்று பொறியாளரை ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து ஊர்க்காரரையும் அக்கூட்டத்துக்கு அழையுங்கள்.

ராயபுரத்து மக்கள் கரை போனபின் சோர்ந்து உட்காரவில்லை. துறைமுகத்துக்கு வடக்கே காசிமேட்டில் 1984இல் மீன்பிடித் துறைமுகம் வந்தது. இன்று சென்னை நகரம் உண்ணும் கடல் மீனில் பெரும்பங்கு அங்கேதான் இறங்குகிறது. நள்ளிரவுக்குப் பின் விசைப்படகுகள் வந்து சேர, விடியுமுன் ஏலம் தொடங்கிவிடும். கூடையோடு நிற்கும் பெண்கள் ஏலத்தில் விலை கூறும் வேகத்தை நம் ஊர்ச் சந்தை வணிகர்கள் பார்க்க வேண்டும்! வஞ்சிரமும் வவ்வாலும் ஓட்டலுக்குப் போக, சிறுமீன்கள் தெருத்தெருவாகக் கூடையில் போகின்றன. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் விலை ஏறிவிட்டது என்று நாம் முணுமுணுக்கிறோம். அதைப் பிடித்து வந்தவன் எத்தனை நாள் கடலில் கிடந்தான் என்பதை விலைச்சீட்டு சொல்லாது.

சென்னைக்குப் போகும் நம் குடும்பத்தார் சாந்தோமுக்கும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்துக்கும் தவறாமல் செல்கிறார்கள், நல்லதே. அடுத்த முறை ஒரு அரைநாளை ராயபுரத்துக்கும் வையுங்கள். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே ராயபுரம். இறங்கியதும் வெளியேறிவிடாமல் பழைய கட்டடத்தின் தூண்களை நின்று பாருங்கள். பின்பு விசாரித்துக்கொண்டு மாதா கோவில் தெருவுக்கு நடங்கள். பார்சிக் கோவிலைக் கடந்து ராயப்பரிடம் போகலாம். சூன் கடைசி வாரமாயிருந்தால் அவருடைய திருநாளும் கிடைக்கும். மீன் ஏலம் பார்க்க விரும்புவோர் முதல் நாள் இரவே சென்னையில் தங்கி, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் காசிமேட்டில் இருக்க வேண்டும். தரை வழுக்கும்; பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.